வழக்கில் கிடக்கும் நிலத்தின் வழியே லிஃப்ட் கேட்டுப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழில் வந்த பயணக் கட்டுரை இங்கே, பிரான்சின் பகுதியான ரீயூனியன் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது. மொராக்கோவின் அகாதீரிலிருந்து மொரித்தானியா எல்லை வரை கட்டைவிரலை நீட்டியே போய்விடலாம், பாலைவனத்து மக்கள் நல்லவர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மக்கள் நல்லவர்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்டுரை முழுக்க 'மொராக்கோவின் தெற்கு' என்றே வருகிறது. அந்தச் சாலை கடந்து போகும் மேற்கு சஹாரா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பெயரை விட்டதால், அந்தச் சாலையில் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் விட்டுப்போயிற்று. சாவடியில் ஏன் அடிக்கடி நிறுத்துகிறார்கள், தார்ச்சாலையை விட்டு ஏன் இறங்கக் கூடாது, இன்சூரன்ஸ் ஏன் கைவிரிக்கும், டிரைவரிடம் எதைக் கேட்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

எங்களுக்கு இதில் அக்கறை ஏன் என்றால், போகப்போவது நம் பிள்ளைகள். செந்தாந்த்ரேயிலிருந்தும் சேன்-தெனியிலிருந்தும் மெத்ரோபோலுக்கு, அதாவது ஐரோப்பாவில் உள்ள பிரான்சுக்கு, படிக்கப் போனவர்கள் துலூஸிலோ மோன்பெலியேயிலோ இருப்பார்கள். குளிர்கால விடுமுறை வந்தால் ஸ்பெயினைக் கடந்து அல்ஹெசிராஸில் கப்பலேறித் தாஞ்சியரில் இறங்குவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோவில் 90 நாள் வரை விசா வேண்டாம். எங்கள் தீவின் சிலாவோஸ் மலைப்பாதையில் ஸ்தோப், அதாவது லிஃப்ட், கேட்டுப் பழகிய கைகள் வேறு. அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே உள்ள தரை எல்லை 1994 முதல் மூடியே கிடப்பதால், தெற்கே செனகல் பக்கம் போக நினைக்கும் யாருக்கும் இந்தக் கடலோரச் சாலை ஒன்றுதான் வழி.

நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்பெயினின் காலனியாக இருந்த இந்தப் பகுதி 1963 முதல் ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் இருக்கிறது. 1975 நவம்பரில் மொராக்கோ தன் மக்களை லட்சக்கணக்கில் எல்லை தாண்டி நடக்கவைத்தது. 1976 பிப்ரவரியில் ஸ்பெயின் வெளியேறியதும் அந்நிலத்தின் விடுதலைக்குப் போராடும் போலிசாரியோ இயக்கம், அந்த மண்ணின் மக்களான சஹ்ராவிகளின் பெயரில் சஹ்ராவி குடியரசை அறிவித்தது. மொராக்கோவோடு போர் 1991 செப்டம்பர் வரை நடந்தது. போரின்போது மொராக்கோ எழுப்பிய மணற்சுவர் 2,700 கிலோமீட்டர் நீளம். அதற்கு மேற்கே மொராக்கோவின் கட்டுப்பாடு, கிழக்கே போலிசாரியோ. போர்நிறுத்தத்தோடு உறுதியளித்த, சுதந்திரமா மொராக்கோவோடு இணைப்பா என்று மக்களையே கேட்கும் பொதுவாக்கெடுப்பு இன்று வரை நடக்கவில்லை. 2020 நவம்பர் 13 அன்று மொரித்தானியாவுக்குப் போகும் கெர்கெராத் எல்லையில் மொராக்கோ ராணுவம் இறங்கியதும், போர்நிறுத்தம் முடிந்தது என்று போலிசாரியோ அறிவித்துவிட்டது. 2024 ஜூலையில் பிரான்ஸ் அதிபர் மொராக்கோவின் பக்கம் நின்று அந்நாட்டு அரசருக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. பட்டியலில் அதனால் மாற்றம் வரவில்லை. ஊரில் ஒரு நிலம் வழக்கில் கிடந்தால், வரப்பில் நடக்கும் வழிப்போக்கனைக்கூட 'இவன் யார் பக்கத்து ஆள்' என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான்.

பிரச்சினை என்னவென்றால், சாலையில் இதைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. தர்ஃபாயாவைத் தாண்டி தாஹ் என்ற இடத்தில் பழைய எல்லை வருகிறது. அங்கே ஒரு நினைவுச் சின்னம், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது, பணம் மாறாது, அதே தேசிய நெடுஞ்சாலை எண் 1 தொடர்கிறது. தாஹைக் கடந்தால் லாயூன். அங்கிருந்து பூஜ்தூர் 190 கிலோமீட்டர் போல. பூஜ்தூரிலிருந்து தாக்லாவுக்கு 340 போல. தாக்லாவிலிருந்து கெர்கெராத் எல்லைக்கு இன்னும் 350-க்கு மேல். நடுவில் பெட்ரோல் பங்குகளும் மீனவர் குடிசைகளும் காவல் குடில்களும் தவிர ஊர் என்று சொல்ல அதிகமில்லை. வரைபடத்தில் புள்ளி இருக்கிறது என்பதால் அங்கே கடை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

பலர் ஏமாறும் இடம் தாக்லா. ஊர் ஒரு நீண்ட நிலநாக்கின் முனையில், பெருஞ்சாலையை விட்டு 40 கிலோமீட்டர் விலகி இருக்கிறது. தெற்கே எல்லைக்குப் போகும் லாரி ஊருக்குள் வராது. முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். மாலை வேளையில் அங்கே இறங்கினால் காற்றும் நீங்களும்தான். ஆகவே ஏறும்போதே 'ஊருக்குள் போகிறீர்களா, நேராகப் போகிறீர்களா' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நேராகப் போகும் லாரி கிடைத்தால், தாக்லாவைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, எல்லைக்கு 80 கிலோமீட்டர் முன்னால் உள்ள பீர் கந்தூஸ் வரை போய் அங்கே தங்குவது மேல். ஓட்டல் இருக்கிறது, லாரிகளும் அங்கே இரவு தங்கும். காலையில் எல்லைக்கு வண்டி பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இனி சாவடி. டிரைவர்கள் 'பராஜ்' என்பார்கள். ஒவ்வொரு ஊருக்கும் முன்னும் பின்னும் ஒன்று உண்டு. ஊருக்குள் போலீஸ், வெளியே ஜாந்தார்மரி என்ற ராணுவக் காவல்படை. ஜன்னலருகே வந்ததும் கேட்பது ஒரே சொல்: 'ஃபீஷ்?' உங்கள் விவரம் எழுதிய ஒரு தாள் அது. உங்களிடம் இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டை வாங்கிப் போய் அவர்களே எழுதி எடுப்பார்கள். பத்து நிமிடமும் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். அந்த நேரமெல்லாம் டிரைவருடையது. மீன் லாரியாக இருந்தால் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சாவடியில் இப்படி நின்றால், மூன்றாவதற்கு முன் அவர் உங்களை இறக்கிவிட்டால் அது அவர் தவறில்லை.

ஆகவே அகாதீரிலேயே பாதித்தாள் அளவில் 20 பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அச்சடித்தால் போதும். குடும்பப்பெயர், பெயர், பிறந்த தேதி, ஊர், குடியுரிமை, பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, முடியும் தேதி, தொழில், தகப்பன் பெயர், தாய் பெயர், வீட்டு முகவரி, மொராக்கோவில் நுழைந்த இடமும் தேதியும். கடைசியாக, நுழைந்தபோது முத்திரையோடு போட்ட எண். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எண்களும் எழுத்துகளுமாக முத்திரையின் மேலோ பக்கத்திலோ சிறிதாக இருக்கும். 'எங்கிருந்து', 'எங்கே', 'வண்டி எண்' மூன்றுக்கும் கோடு விட்டு, ஒவ்வொரு வண்டியிலும் ஏறியதும் பேனாவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். நம்மில் பலருக்குத் தமிழ்ப் பெயர் குடும்பப்பெயராகவும் பிரெஞ்சுப் பெயர் முதற்பெயராகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசை மாறாமல் எழுதுங்கள். மாற்றி எழுதினால் இரண்டு பேர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தொழில் என்ற இடத்தில் பொய் எழுதச் சொல்ல மாட்டோம். ஆனால் பத்திரிகையாளர், வழக்கறிஞர், மனித உரிமை அமைப்பைச் சேர்ந்தவர் என்றால் லாயூனிலிருந்தே திருப்பி அனுப்பிய நிகழ்வுகள் பல உண்டு. அவர்கள் லிஃப்ட் கேட்டுப் போகும் எண்ணத்தையே விட்டுவிடலாம். மாணவர் மாணவர் என்று எழுதட்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கரையிலிருந்து கனாரித் தீவுகளுக்குப் படகில் போகிறவர்களைத் தடுப்பது அங்குள்ள காவலர்களின் அன்றாட வேலை. தர்ஃபாயாவிலிருந்து கனாரித் தீவு 100 கிலோமீட்டர்தான். நம் நிறத்தில் ஒருவர் முதுகுப்பையோடு கடலோரம் நின்றால் இரண்டாம் முறை பார்க்கத்தான் செய்வார்கள். பாஸ்போர்ட் பையின் அடியில் இருக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதே காரணத்தால் கடற்கரையில் கூடாரம் போடக் கூடாது. நடுராத்திரியில் டார்ச் அடித்து எழுப்புவார்கள். பெட்ரோல் பங்கில் கேட்டு, விளக்கு வெளிச்சத்தில் சுவரோரம் படுக்கலாம்.

சாவடி தொல்லை மட்டும் தருவதில்லை, லிஃப்ட் கிடைக்க அதுவே சிறந்த இடமும்கூட. எல்லா வண்டியும் அங்கே நின்றாக வேண்டும். முதலில் காவலரிடம் சலாம் சொல்லி, தாளைக் கொடுத்து, இங்கே நின்று வண்டி கேட்கலாமா என்று அனுமதி கேளுங்கள். பல நேரம் அவரே டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிடுவார். பிறகு சாவடியைத் தாண்டி 50 மீட்டர் தள்ளி, லாரி ஒதுங்க இடம் இருக்கும் பக்கம் நில்லுங்கள். திஸ்னித்திலிருந்து தாக்லா வரை 1,055 கிலோமீட்டர் சாலையை அகலமாக்கியிருக்கிறார்கள். இரட்டைச் சாலையில் வண்டிகள் வேகம் குறைக்காது. சாவடியும் பங்கும் வட்டச் சந்திப்பும் விட்டால் நிற்கத் தகுந்த இடமே இல்லை. கட்டைவிரலைவிட, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெதுவாக அசைப்பது அங்கே நன்றாகப் புரியும்.

தெற்கே போகும் லாரிகளில் அகாதீர்ப் பக்கத்துக் காய்கறியும் ஆரஞ்சும் இருக்கும். நுவாக்ஷோத், டக்கார், பமாகோ வரை போவார்கள். தாக்லாவிலிருந்து வடக்கே வருபவை மீன், கணவாய் லாரிகள். குளிர்காலத்தில் பிரான்சிலிருந்து கேம்பிங் வேனில் வரும் ஓய்வுபெற்ற தம்பதிகளும் உண்டு. மொழி தெரிந்தவர்கள் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது எளிது. ஏறும் முன்பே 'ஃபாபோர்?' என்று கேட்டுவிடுங்கள். இலவசமா என்று பொருள். ஸ்பானிஷிலிருந்து வந்து மொராக்கோ பேச்சில் ஒட்டிக்கொண்ட சொல். பணம் கேட்டால் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பல லாரிக் கம்பெனிகள் வெளியாளை ஏற்றக் கூடாது என்று டிரைவருக்குக் கட்டளை போட்டிருக்கும். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். லாரி அறையில் இரண்டு இருக்கைதான், பின்னால் ஒரு படுக்கை. அந்தப் படுக்கையில் ஏறுவதானால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது மரியாதை. மூன்று பேராகப் போனால் லாரியில் இடமே இல்லை. பெண் பிள்ளைகள் தனியே போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இருவராகப் போய், ஏறும் முன் வண்டி எண்ணைப் படமெடுத்து டிரைவர் கண்ணெதிரே வீட்டுக்கு அனுப்பட்டும். நல்லவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரவில் யாரும் நிற்க வேண்டாம். சாலையில் ஒட்டகம் படுத்திருக்கும், விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். ரம்ஜான் மாதத்தில் சூரியன் சாயும் ஒரு மணி நேரமும் அப்படியே. நோன்பு திறக்க ஓடும் வண்டிகளின் வேகம் தனி.

தண்ணீர் ஒருவருக்கு நாளைக்கு 6½ லிட்டர். 5 லிட்டர் கேன் ஒன்று, 1½ லிட்டர் பாட்டில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் தூக்க வசதி. ஏறிய லாரி பழுதாகி நின்றால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டு எடுங்கள், ஓடும் லாரியில் தாகம் எடுக்காது. கடலோரம் என்பதால் குளிர்காலப் பகல் இதமாகத்தான் இருக்கும், ஆனால் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று ஓயாது. மணல் முழங்கால் உயரத்தில் சாலையின் குறுக்கே ஓடும். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு நாலைந்து முழம் பருத்தித் துணி, இரவுக்குக் கனமான சட்டை வேண்டும். டிசம்பர் என்றாலே நமக்கு வெயிலும் புயலும். கடக ரேகை ஓடும் அந்தப் பாலைவனத்தில் டிசம்பர் இரவு நடுக்கும். கிழக்கிலிருந்து 'இரிஃபி' என்ற அனல்காற்று எழுந்தால் அன்று பங்கைவிட்டு நகர வேண்டாம். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளைகள் ரொட்டி, ஆலிவ், பேரீச்சை, வேர்க்கடலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வழியோரக் கடையின் ஹரீரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

இப்போது, கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம்: மிதிவெடி.

போர் நடந்த 16 ஆண்டுகளில் புதைத்தவை மணற்சுவரின் நெடுகிலும் கிடக்கின்றன. சுவரை ஒட்டி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பீர் கந்தூஸுக்குத் தெற்கே சுவர் சாலையை நெருங்கி வருகிறது. வெடி வைத்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. எப்போதோ பெய்யும் மழையில் வறண்ட ஓடைகள் பெருக்கெடுத்து வெடிகளை உருட்டிக்கொண்டு போகும். பிறைவடிவ மணல்மேடுகள் ஆண்டுக்குப் பல மீட்டர் நகரும், நேற்று மூடியதை இன்று திறக்கும், திறந்ததை மூடும். அதனால் பழைய டயர்த் தடம் இருக்கிறது என்பது காப்பு ஆகாது. முள்வேலி, மண்டையோட்டுப் பலகை, சிவப்புச் சாயம் அடித்த கல் கண்டால் ஆபத்து உறுதி. காணாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை. டாங்கி வெடிக்கு வண்டியின் பாரம் வேண்டும். ஆளுக்காக வைத்ததற்குச் சில கிலோ போதும், குழந்தையின் கால் போதும். கால் இழந்தவர்களில் பெரும்பாலோர் ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் சஹ்ராவிகள்.

லிஃப்ட் கேட்டு நிற்கும் ஒருவர் சாலையை விட்டு இறங்குவது எதற்கு? ஒன்று, ஒதுங்க. இரண்டு, படம் எடுக்க. மூன்று, காற்றுக்கு மறைவாக உட்கார. மூன்றுக்கும் தார் விளிம்பை விட்டுத் தாண்டாமல் வழி இருக்கிறது. ஒதுங்க வேண்டுமென்றால் பங்கில், ஓட்டலில் முடித்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் அவசரமானால் லாரி நின்ற இடத்தில், லாரியின் சக்கரம் ஏறிய மண்ணிலேயே, டிரைவர் எங்கே காலை வைக்கிறாரோ அங்கே. வெட்கம் பார்த்து நூறடி தள்ளி மணல்மேட்டின் பின்னால் போவதுதான் ஆபத்து. மண்ணில் கிடக்கும் இரும்பு, டப்பா, ஒயர் எதையும் தொடாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். தெரியாமல் உள்ளே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் அப்படியே நில்லுங்கள். கூட வருகிறவர் ஓடி வராதபடி கத்திச் சொல்லுங்கள். உங்கள் காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதே தடத்தில் பின்னோக்கி ஒவ்வொரு அடியாக வாருங்கள். தெரியாவிட்டால் அசையாமல் நின்று 177-க்கு அழையுங்கள். அது ஜாந்தார்மரி எண். போலீஸ் 19, ஆம்புலன்ஸ் 15. ஊர்களுக்கு நடுவே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், இதை எழுதும்போது எங்களுக்கே மனம் பதறுகிறது. கால் வைக்காமல் இருப்பதுதான் உண்மையான வழி.

சமாரா வழியாக உள்நாட்டுச் சாலையில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 அக்டோபரில் அந்த ஊருக்குள்ளேயே குண்டுகள் விழுந்து ஒருவர் இறந்தார். சுவருக்கு அப்பால் ட்ரோன் தாக்குதல் நடக்கும் நிலம். உங்கள் பையில் படமெடுக்கும் ட்ரோன் இருந்தால் மொராக்கோ சுங்கத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். சாவடி, காவல் குடில், ராணுவ வண்டி எதையும் போனில் எடுக்கக் கூடாது.

கெர்கெராத்துக்கு முற்பகலிலேயே போய்ச் சேருங்கள். எல்லைக் கதவு இரவில் மூடும். லாரிகளை எக்ஸ்ரே எடுக்க வரிசை நிற்கும், மணிக்கணக்கில் ஆகும். கதவுக்கு முன்பே லாரியிலிருந்து இறங்கி, உங்கள் பையோடு நடந்து போய் நீங்களே முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் வண்டியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. 'இந்தப் பொட்டலத்தை அந்தப் பக்கம் கொடுத்துவிடு' என்று யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அங்கிருந்து மொரித்தானியச் சாவடி வரை 4 கிலோமீட்டர் போல இடைவெளி. 2020 வரை அது கற்பாறையும் மணலும் எரிந்த கார்க் கூடுகளுமாக, 'கந்தஹார்' என்ற பட்டப்பெயரோடு கிடந்தது. இப்போது தார் போட்டிருக்கிறார்கள். தாரின் இரண்டு பக்கமும் மிதிவெடி நிலம்தான். நடக்காமல், முத்திரை வாங்கி வெளியே வரும் கார் ஒன்றில் ஏறிக் கடப்பது நல்லது. மொரித்தானியா 2025 ஜனவரி முதல் இணையத்தில் முன்கூட்டியே இ-விசா விண்ணப்பிக்கச் சொல்கிறது. எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இனி உதவாது. அந்தச் சாவடிக்கு 'பே-கா 55' என்று பெயர், நுவாதிபூவிலிருந்து 55-வது கிலோமீட்டர். அங்கே பலர் சேர்ந்து ஏறும் டாக்ஸி கிடைக்கும்.

பிரான்ஸ் வெளியுறவு அமைச்சகத்தின் பயண வரைபடத்தில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ உள்ள இடத்துக்குப் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் பொறுப்பேற்பதில்லை. பாலிசியில் 'விலக்குகள்' என்ற பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அமைச்சகத்தின் அரியான் என்ற பயணிகள் பதிவில் தேதியும் வழியும் பதிந்துவையுங்கள். அவசரத்துக்குப் பக்கத்துக் கன்சுலேட் என்றால் அகாதீர்தான்.

டிரைவரிடம் பேசுவதைப் பற்றி. வெகுநேரம் ஒன்றாக உட்கார்ந்து போகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். பிள்ளைகள், சம்பளம், மழை, கால்பந்து எல்லாம் பேசலாம். 'இந்த நிலம் யாருடையது' என்று மட்டும் கேட்காதீர்கள். மொராக்கோவின் நிலப்பரப்பு உரிமையை மறுத்துப் பேசுவது அங்கே சட்டப்படி குற்றம். நீங்கள் மூன்று நாளில் டக்கார் போய்விடுவீர்கள், டிரைவர் அதே சாவடிகளை வாரம் தவறாமல் கடக்க வேண்டும். அவர் வடக்கிலிருந்து வந்த மொராக்கோக்காரராக இருந்தால் உங்கள் கேள்வி அவரைக் காயப்படுத்தும். சஹ்ராவியாக இருந்தால் 'அந்த வெளிநாட்டவன் உன்னிடம் என்ன கேட்டான்' என்று பிறகு அவரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர், பெயர், படம் எதையும் போனில் ஏற்றாதீர்கள். கொடி போட்ட ஸ்டிக்கர், எல்லைக்கோடு போட்ட அச்சு வரைபடம் பையில் வேண்டாம். பேசாமல் வருவது ஒரு பக்கம் சாய்வது ஆகாது. தனக்கு இடம் கொடுத்தவரை மாட்டிவிடாமல் இருப்பது அது.

ஆனால் பத்திரிகை பேசலாம், பேச வேண்டும். 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், மேற்கு சஹாராவில் விளைந்த தக்காளிக்கும் முலாம்பழத்துக்கும் மேற்கு சஹாரா என்றே முத்திரை போட வேண்டும், மொராக்கோ என்று போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பழத்துக்கு ஊர்ப்பெயர் சரியாக வேண்டுமென்றால் பயணக் கட்டுரைக்கும் வேண்டும். அல்ஜீரியாவின் திந்தூஃப் அகதி முகாம்களில் 1976-லிருந்து காத்திருக்கும் சஹ்ராவி மக்களுக்கு அந்தப் பெயர் விட்டுப்போனது சின்ன விஷயமாகத் தெரியாது.

கட்டுரையோடு போட்ட வரைபடத்தில் தாஹ் அருகே புள்ளிக்கோடு இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது அந்தக் கோட்டையும், மணற்சுவரையும், பீர் கந்தூஸிலிருந்து பே-கா 55 வரை மிதிவெடிப் பகுதி என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். இடம் இருந்தால் ஃபீஷ் தாளின் மாதிரியையும் போடுங்கள், வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
செந்தாந்த்ரே, ரீயூனியன் தீவு.